அமெரிக்கால ஸ்டேட் சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் ஆகணுமா, முதல்ல எந்த ஸ்டேட்டுன்னு முடிவு பண்ணுங்க

லா ஸ்கூல்ல சேர்ற பசங்க பாதி பேர் வாஷிங்டன்ல இருக்குற அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட அந்த 9 சீட்டையே பாத்துட்டு இருப்பாங்க, ஆனா கல்யாணம், சொத்து, காண்ட்ராக்ட், கொலை கேஸ்னு சாதாரண சனங்களோட வழக்குல முக்காவாசி ஸ்டேட் கோர்ட்டுலதான் நடக்குது. அந்த ஸ்டேட் சட்டத்துக்கு என்ன அர்த்தம்ங்கிறதுல அதோட டாப் கோர்ட் சொல்றதுதான் கடைசி பேச்சு.

பேரைப் பாத்து ஏமாறாதீங்க. நியூயார்க்ல சுப்ரீம் கோர்ட்னு போர்டு போட்டிருக்கிறது விசாரணை நடக்குற கீழ்க்கோர்ட்டுதான், அங்க உச்சியில இருக்கிறது கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ். டெக்சாஸ்லயும் ஓக்லஹோமாவுலயும் சிவிலுக்கு ஒன்னு கிரிமினலுக்கு ஒன்னுன்னு ரெண்டு உச்ச கோர்ட்.

அடிப்படை எல்லா இடத்துலயும் கிட்டத்தட்ட ஒன்னுதான், லா டிகிரி, பார் எக்ஸாம் (வக்கீல் ஆகுறதுக்கான தேர்வு), அப்புறம் வருஷக்கணக்கா பிராக்டிஸ். கலிஃபோர்னியால 10 வருஷம் பார்ல, அதாவது பதிவு பண்ண வக்கீலா, இருக்கணும், டெக்சாஸ்லயும் 10 வருஷம், கூடவே 35 வயசு ஆகியிருக்கணும். கீழ்க்கோர்ட்டுல ஜட்ஜா இருந்தாதான் முடியும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்ல. ஆலன் பேஜ்னு ஒருத்தர், மினசோட்டா வைக்கிங்ஸ் டீம்ல அமெரிக்கன் ஃபுட்பால் ஆடிக்கிட்டே லா படிச்சு 1978-ல முடிச்சாரு, அப்புறம் ஸ்டேட் அட்டர்னி ஜெனரல் ஆபீஸ்ல வேலை, அங்கிருந்து தேர்தல்ல ஜெயிச்சு 1993-ல நேரா மினசோட்டா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு.

இனிமேதான் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் வழி பிரியுது. வர்ஜீனியாலயும் சவுத் கரோலினாலயும் சட்டசபைதான் ஜட்ஜைத் தேர்ந்தெடுக்குது, அங்க எம்எல்ஏ மாதிரி ஆளுங்ககிட்ட நல்ல பேர் இருக்கணும். நியூஜெர்சில கவர்னர் போடுவாரு, ஸ்டேட் செனட் ஓகே சொல்லணும், முதல் 7 வருஷம் முடிஞ்சு மறுபடி போட்டாங்கன்னா 70 வயசு வரைக்கும் அசைக்க முடியாது. மிசௌரில 1940-ல இருந்து ஒரு முறை இருக்கு, இன்னும் பல ஸ்டேட் அதே பாணியை எடுத்துக்கிச்சு: 7 பேர் கமிட்டி, அதுல வக்கீல் 3, வக்கீல் அல்லாதவங்க 3, ஒரு ஜட்ஜ், இவங்க மூணு பேரை லிஸ்ட் போட்டுக் கொடுப்பாங்க, கவர்னர் அதுக்குள்ளயே ஒருத்தரை எடுக்கணும், 60 நாள்ல எடுக்கலன்னா கமிட்டியே எடுத்துடும். இந்த மாதிரி கமிட்டி ஃபார்ம்ல நீங்க நடத்துன முக்கியமான கேஸ், அதுல எதிர்ல நின்ன வக்கீல் யாருன்னு கேக்குறது சகஜம். எதிராளி வக்கீலுக்கு போன் போட்டா அவர் உங்களைப் பத்தி என்ன சொல்லுவாருன்னு இப்பவே யோசிச்சுக்கோங்க, என்னைக் கேட்டா 25 வயசுல இருந்தே யோசிக்கணும்.

தேர்தல் நடக்குற ஸ்டேட்னா கதையே வேற. விஸ்கான்சின்ல 10 வருஷப் பதவி, பேலட்ல (ஓட்டுச்சீட்டுல) கட்சிப் பேரே இருக்காது, ஆனாலும் 2025-ல ஒரே ஒரு சீட்டுக்கு எல்லாருமா செலவு பண்ணது 10 கோடி டாலரைத் தாண்டிச்சு. இதுல ஒரு கண்ணி இருக்கு, தேர்தல் வைக்குற பெரும்பாலான ஸ்டேட்ல வேட்பாளர் தன் வாயால காசு கேக்கக்கூடாது, அவரோட பிரச்சாரக் கமிட்டிதான் கேக்கணும். ஃப்ளோரிடால கீழ்க்கோர்ட் பதவிக்கு நின்ன ஒருத்தங்க நன்கொடை கேட்டு ஒரு லெட்டர்ல கையெழுத்து போட்டுட்டாங்க, பார் அசோசியேஷன் நடவடிக்கை எடுத்து, விஷயம் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயி, 2015-ல அந்தத் தடை செல்லும்னு தீர்ப்பு வந்துச்சு.

உள்ள போனப்புறம் வேலைன்னு பாத்தா முக்காவாசி படிப்பும் எழுத்தும்தான். வாதம் ஒரு தரப்புக்கு பெரும்பாலும் அரை மணி நேரத்தைத் தாண்டாது, அதுக்கு முன்னாடி கட்டுக்கட்டா பேப்பர். தனியா தீர்ப்பு சொல்லிப் பழகுனவங்களுக்கு இங்க கஷ்டம், 7 பேர் இருந்தா உங்களையும் சேத்து 4 பேர் உங்க பக்கம் இருக்கணும், இல்லன்னா மாறுபட்ட தீர்ப்பு எழுதிட்டு அமைதியா இருக்கணும்.

சீட்டு போறதும் நடக்கும். பல ஸ்டேட்ல எதிர்த்து யாரும் நிக்காம, இந்த ஜட்ஜ் தொடரலாமா, ஆமா, இல்ல, அவ்வளவுதான் பேலட்ல கேள்வி. பெரும்பாலும் தூங்கிட்டே ஜெயிச்சிடலாம். ஆனா ஐயோவால 2009-ல 7 ஜட்ஜும் ஒரே குரல்ல ஒரே பாலினத் திருமணம் செல்லும்னு சொன்னாங்க, 2010-ல பேலட்ல இருந்தது அதுல 3 பேர்தான், மூணு பேருக்கும் பதவி போயிடுச்சு. மத்த நாலு பேருக்கு அந்த வருஷம் ஓட்டெடுப்பே இல்ல. கலிஃபோர்னியாலயும் 1986-ல மரண தண்டனை விவகாரத்துல சீஃப் ஜஸ்டிஸ் ரோஸ் பேர்டோட சேத்து மூணு பேர் வெளிய போனாங்க.

வயசுக் கணக்கையும் முன்னாடியே போட்டுடுங்க. ரோட் ஐலண்ட்ல ஆயுசுக்கும் இருக்கலாம், மினசோட்டால 70-ல முடியுது, பேஜ் 2015-ல இறங்குனதும் அதனாலதான். மிசௌரிலயும் அதே 70, ஆனா டேர்ம் 12 வருஷம், அதனால 60 வயசுல உள்ள போறவருக்கு ஒரு முழு டேர்ம் கூட தேறாது.