பொட்டலத்தின் எடை குறைகிறதா? புகார் செய்யும் முன் சரிபார்க்கும் முறை

பொட்டல உணவின் எடை குறைவாக இருப்பதாகச் சந்தேகம் எழுந்தால், அதிகாரி நடவடிக்கை எடுக்கக்கூடிய வகையில் அதை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.

முதலில் ஒரே தொகுதி எண் கொண்ட இரண்டு பொட்டலங்களை வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். ஒன்றைப் பிரிக்கவே கூடாது. பிரித்த பொட்டலத்தை வைத்துக் குறைவை நிரூபிப்பது கடினம்.

எலக்ட்ரானிக் தராசைச் சமதளத்தில் வைத்து, எடை தெரிந்த படிக்கல்லால் சோதித்த பிறகு, பொட்டலத்தின் மொத்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பொருளை முழுவதும் வெளியே எடுத்து, உறையின் மூலைகளில் ஒட்டியிருக்கும் தூளையும் எண்ணெய்ப் பிசுக்கையும் துடைத்து, உலர்ந்த உறையைத் தனியாக நிறுத்துப் பாருங்கள். மொத்த எடையிலிருந்து உறையின் எடையைக் கழித்தால் கிடைப்பதே நிகர எடை. நீரிலோ பாகிலோ ஊறிய பொருளாக இருந்தால், வடிகட்டிய எடை எவ்வளவு என்று லேபிளில் குறிப்பிட்டிருக்கிறதா என்பதையும் பாருங்கள்.

பலரும் தடுமாறும் இடம் அடுத்த கட்டம்தான். 1955-இல் உருவான பன்னாட்டுச் சட்டமுறை எடையளவு அமைப்பின் ஆர் 87 பரிந்துரைப்படி, 500 கிராம் பொட்டலத்தில் ஏற்கத்தக்க குறைவு 3 சதவீதம், அதாவது 15 கிராம். மொத்த எடை 503 கிராமாகவும் உறை 12 கிராமாகவும் இருந்தால் நிகர எடை 491 கிராம்; இந்த ஒரு பொட்டலத்தை மட்டும் வைத்துக் குற்றம் சாட்ட முடியாது. ஆனால் குறைவு 30 கிராமைத் தாண்டினால் ஒரு பொட்டலம்கூட ஏற்கத்தக்கதல்ல.

இந்தச் சலுகையை உற்பத்தியாளருக்குக் கிடைத்த உரிமையாக நான் பார்க்கவில்லை. நிரப்பும் இயந்திரத்தில் தவிர்க்க முடியாமல் ஏற்படும் ஏற்ற இறக்கத்துக்காகவே அது தரப்பட்டுள்ளது. அதனால்தான், தொகுதியின் சராசரி எடை லேபிளில் உள்ள எடைக்குக் குறையக் கூடாது என்ற விதியும் அதே பரிந்துரையில் இருக்கிறது. எல்லாப் பொட்டலங்களும் 491 கிராமே இருந்தால், ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருந்தாலும் அந்தத் தொகுதி விதியை மீறியதாகிவிடும். அதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர் தொகுதியிலிருந்து பல மாதிரிகளை எடுத்து நிறுத்துப் பார்க்க வேண்டும். அவரை அங்கே வரவழைப்பதுதான் உங்கள் புகாரின் வேலை.

வரம்புகளும் தண்டனையும் நாட்டுக்கு நாடு வேறுபடும் என்பதால், உங்கள் நாட்டு விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு எடையளவுத் துறைக்கு அனுப்பும் புகாரில் தொகுதி எண், பொட்டலமிட்ட தேதி, வாங்கிய இடம், நீங்கள் அளந்த மூன்று எடைகள் ஆகியவற்றை எழுதி, லேபிளின் படத்தையும் ரசீதின் நகலையும் இணையுங்கள். பிரிக்காத பொட்டலம் உங்களிடம் இருப்பதையும் குறிப்பிடுங்கள்.