கொள்ளைநோய்க் காலத்தில் நெஞ்சுவலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாரடைப்பு நோயாளி மருத்துவமனைக்குள் நுழைந்ததிலிருந்து 90 நிமிடங்களுக்குள் அடைபட்ட ரத்தக் குழாயை பலூன் சிகிச்சையால் திறந்துவிட வேண்டும் என்பது மருத்துவர்கள் தங்களுக்கு விதித்துக்கொண்டிருக்கும் இலக்கு. ஆனால், வலி தொடங்கியதற்கும் உதவி கேட்பதற்கும் இடையில் வீட்டில் கழியும் நேரத்துக்கு அப்படியோர் இலக்கு கிடையாது. கொவிட்-19 காலத்தில் நீண்டுபோனது இந்த நேரம்தான். ஹாங்காங் மருத்துவமனை ஒன்றில் 2020 தொடக்கத்தில் செய்த ஆய்வில், முந்தைய ஆண்டில் சுமார் 82 நிமிடங்களாக இருந்த இந்த இடைவெளி 318 நிமிடங்களாக உயர்ந்திருந்தது. கொவிட் காலத்தில் இந்த ஆய்வில் இடம்பெற்றவர்கள் ஏழு பேர்தான் என்றாலும், மற்ற நாடுகளிலும் இதே போக்கு காணப்பட்டது.

முதல் தவறு, வலிக்கு நாமே பெயர் சூட்டிவிடுவது. “வாயுதான், ஓமத் தண்ணீர் குடித்தால் சரியாகிவிடும்” என்று அப்பா சொல்ல, “இந்த நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனால் கொவிட் ஒட்டிக்கொள்ளும்” என்று அம்மா தலையசைக்க, மகன் கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவான். நெஞ்சு இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவை சில நிமிடங்களில் தணியாவிட்டால், அது வாயுவா இல்லையா என்பதை, இதயத்தின் மின்துடிப்பைப் பதிவுசெய்யும் ஈசிஜி சோதனை சொல்லட்டும். பெண்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் கடும் வலியே இல்லாமல், வெறும் அசதியும் குமட்டலுமாகவும் மாரடைப்பு வரலாம். நீரிழிவு பரவலாக உள்ள நம் குடும்பங்களில் இதை மறக்கவே கூடாது.

அடுத்தது, தொற்றுக்கு அஞ்சிப் பக்கத்து மருந்தகத்திலோ (கிளினிக்) பலதுறை மருந்தகத்திலோ (பாலிகிளினிக்) காட்டிக்கொள்ளலாம் என நினைப்பது. அங்கே பலூன் சிகிச்சை கிடையாது. அங்கிருந்தும் மருத்துவமனைக்குத்தான் அனுப்புவார்கள். தொற்று என்பது ஏற்படக்கூடிய ஒன்று. அடைப்பினால் இதயத் தசை இறப்பதோ அந்த நேரத்திலேயே நடந்துகொண்டிருப்பது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது சரியான கணக்கல்ல.

டாக்சியிலோ மகனின் காரிலோ போவதும் தவறுதான். வழியில் இதயத் துடிப்பு நின்றால் ஓட்டுநரால் ஒன்றும் செய்ய முடியாது. சிங்கப்பூரில் 995 எண்ணை அழைத்தால் வரும் குடிமைத் தற்காப்புப் படையின் ஆம்புலன்சில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் கருவி இருக்கும். ஈசிஜியை அங்கேயே எடுத்து மருத்துவமனைக்கு முன்கூட்டியே தெரிவிக்கவும் முடியும். உண்மையான அவசரநிலைக்குக் கட்டணம் இல்லை என்பதைச் செலவுக்குத் தயங்கும் பெரியவர்களிடம் சொல்லிவைக்கலாம்.

காய்ச்சலோ இருமலோ இருந்தால், ‘தனிமைப்படுத்திவிடுவார்களோ’ என்று பயந்து அதை மறைக்கக் கூடாது. அழைப்பிலேயே சொல்லிவிட்டால் பணியாளர்கள் தக்க பாதுகாப்பு உடையுடன் வருவார்கள். சிகிச்சையை மறுக்க மாட்டார்கள்.

ஆம்புலன்ஸ் வரும்வரை நோயாளியை நடக்கவிடாமல் உட்கார வைத்து, இரும்புக் கதவின் பூட்டைத் திறந்து, மருந்துப் பட்டியலையும் அடையாள அட்டையையும் எடுத்து வைத்து, மின்தூக்கியருகே ஒருவரை நிறுத்துங்கள். அவர் மயங்கி, மூச்சும் நின்றுவிட்டால், 995 பணியாளர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல நெஞ்சை அழுத்தத் தொடங்கி, புளோக்கின் கீழ்த்தளத்தில் இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏஇடி கருவி இருந்தால் எடுத்துவர வேறொருவரை அனுப்ப வேண்டும்.