தொண்டு அமைப்பின் தலைவர் குற்றம் செய்தால்: அமைப்பையும் பதில் சொல்ல வைப்பது எப்படி?

சங்கத்தின் செயலாளரோ அறக்கட்டளையின் நிர்வாக அறங்காவலரோ பணத்தைக் கையாடியது தெரிய வந்ததும் பலரும் நேரே காவல் நிலையத்துக்குத்தான் போகிறார்கள். அது தவறில்லை, ஆனால் பாதி வேலைதான். காவல்துறை குற்றம் செய்த ஆளைத் தேடும்; காசோலையில் கையெழுத்திடும் உரிமையும் இரசீதுப் புத்தகமும் உறுப்பினர் பதிவேடும் அவர் அமர்த்திய ஆட்களிடமே இருந்தால், அவர் பிணையில் வெளியே வரும் நாளில் எல்லாம் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும். ஆகவே ஆள் மீது ஒரு நடவடிக்கையும் அமைப்பின் மீது ஒரு நடவடிக்கையும் ஒரே காலத்தில் நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் அதற்கான வழிகளை இங்கே பார்க்கலாம்.

மனு எழுத உட்காரும் முன் ஒரு கேள்விக்கு விடை காண வேண்டும்: இந்தக் குற்றத்தில் அமைப்பு பணத்தைப் பறிகொடுத்ததா, அல்லது குற்றத்துக்குக் கருவியாக இருந்ததா? பொருளாளர் சங்கத்தின் வைப்புத்தொகையை எடுத்துச் செலவழித்திருந்தால் சங்கம் பாதிக்கப்பட்ட தரப்பு. புகாரில் அதை எதிரியாகச் சேர்ப்பது புகாரையே குழப்பிவிடும். இல்லாத முதியோர் இல்லத்தின் பெயரில் நிர்வாகக் குழு தெரிந்தே நன்கொடை திரட்டியிருந்தால் நிலைமை வேறு. பதிவு பெற்ற நிறுவனத்தைச் சிறையில் அடைக்க முடியாது என்பதற்காக அதன் மீது வழக்கே கூடாது என்ற வாதத்தை, ஸ்டாண்டர்ட் சார்ட்டர்டு வங்கி வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு ஏற்கவில்லை. நிறுவனத்தை இயக்குபவர்களின் குற்ற எண்ணத்தை நிறுவனத்தின் எண்ணமாகவே கருதலாம் என்று இரிடியம் எதிர் மோட்டோரோலா வழக்கில் 2010-இல் அதே நீதிமன்றம் கூறியது. அறக்கட்டளைக்குத் தனிச் சட்ட ஆளுமை இல்லை என்பதால் அங்கே அறங்காவலர்களைத்தான் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும்.

அடுத்தது ஆவணம். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான சங்கம், ஆண்டுக் கணக்கையும் நிர்வாகிகள் பட்டியலையும் மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். அவற்றின் நகல்களையும் துணைவிதிகளையும் முதலில் வாங்கி விடுங்கள். தாக்கலே செய்யவில்லை என்ற பதில் கிடைத்தால் அதுவும் ஒரு சான்றுதான். அரசு நிதியைக் கணிசமாகப் பெறும் தொண்டு அமைப்புகள் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், அத்தகைய அமைப்பிடமே நேரடியாகவும் விண்ணப்பிக்கலாம். சந்தேகம் எழுந்த செய்தி வெளியில் பரவும் முன்பே இதைச் செய்வது நல்லது, ஏனெனில் பல அலுவலகங்களில் பழைய இரசீதுக் கட்டுகளைக் கறையான் அரிக்கத் தொடங்குவது சரியாக அந்த வாரத்தில்தான்.

காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவில் யார், எந்த நாளில், எந்தக் கணக்கிலிருந்து, எவ்வளவு என்று எழுத வேண்டும். குணநலன் பற்றிய வசைகள் வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடந்த செயல்களுக்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316 (நம்பிக்கை மோசடி), 318 (ஏமாற்றுதல்) ஆகிய பிரிவுகள் பொருந்தும். அதற்கு முந்தையவற்றுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும். புதிய சட்டத்தில் நம்பிக்கை மோசடிக்கு ஐந்தாண்டு வரை சிறை உண்டு. மூன்றாண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றத்துக்குக் காலவரம்பு கிடையாது என்பதால், புதிய சட்டத்தின்கீழ் வரும் செயலைப் பழைய கதை என்று சொல்லி மனுவைத் திருப்பி அனுப்ப இயலாது. துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியோடு 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்த நிலைய அதிகாரிக்கு இடமுண்டு. வழக்குப் பதிய மறுத்தால் மனுவைக் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பி, அங்கும் பலன் இல்லாவிட்டால் உறுதிமொழிப் பத்திரத்துடன் குற்றவியல் நடுவரை அணுக வேண்டும். இந்த வரிசையைத் தாண்டிக் குதித்தால் மனு நிற்காது.

அமைப்பின் மீதான நடவடிக்கை அதன் பதிவு வகையைப் பொறுத்தது. சங்கமாக இருந்தால், உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாதோர் கையெழுத்திட்டு, சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் 36-ஆம் பிரிவின்கீழ் விசாரணை நடத்துமாறு பதிவாளரிடம் விண்ணப்பிக்கலாம். அத்தனை பேர் திரளாவிட்டால் மாவட்ட ஆட்சியருக்கு மனு கொடுங்கள். அவர் கேட்டுக்கொண்டாலும் பதிவாளர் விசாரிக்கலாம், தாமாகவும் விசாரிக்கலாம். பதிவாளரிடம் நிதி முறைகேட்டை மட்டும் முன்வைப்பதே என் பரிந்துரை. யார் உண்மையான நிர்வாகி என்ற தகராறையும் சேர்த்தால், உரிமையியல் நீதிமன்றம் போகச் சொல்லிக் கோப்பு மூடப்படும் வாய்ப்பு அதிகம். பொது அறக்கட்டளையாக இருந்தால், அதில் அக்கறை உள்ள இருவர் சேர்ந்து உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி பெற்று, அறங்காவலரை நீக்கவும் கணக்குக் காட்டச் செய்யவும் வழக்குத் தொடரலாம். நிறுவனங்கள் சட்டத்தின் 8-ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெற்றதாக இருந்தால் நிறுவனங்களின் பதிவாளரிடம் செல்ல வேண்டும். வெளிநாட்டு நன்கொடை கலந்திருந்தால் உள்துறை அமைச்சகத்துக்கும், அறங்காவலரின் குடும்பத்துக்குப் பணம் போயிருந்தால் வருமான வரித் துறைக்கும் தனித்தனியே எழுதலாம்.

குழந்தைகள் சம்பந்தப்பட்ட குற்றத்தில் மேற்சொன்ன நிதானம் எதுவும் பொருந்தாது. பிகாரின் முசாபர்பூரில் தொண்டு அமைப்பு ஒன்று நடத்திய சிறுமியர் காப்பகத்தில் நடந்த பாலியல் கொடுமை, டாடா சமூக அறிவியல் நிறுவனத்தின் தணிக்கை அறிக்கையால்தான் 2018-இல் வெளிவந்தது. 2020-இல் டெல்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்து, காப்பகத்தை நடத்தியவருக்கு வாழ்நாள் முழுதும் சிறை விதித்தது. இத்தகைய குற்றம் தெரிந்தும் காவல்துறைக்குச் சொல்லாமல் இருப்பதே, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் குற்றம். தமக்குக் கீழுள்ளவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. உள் விசாரணைக் குழு அமைத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்ற பதிலை ஏற்றுக் காத்திருக்கக் கூடாது.

பண வழக்கில் சிறிது காலம் கழித்துச் சமரசப் பேச்சு வரும். எடுத்த தொகையைத் திருப்பிக் கட்டினாலும் நடந்த குற்றம் இல்லாமல் போகாது. நம்பிக்கை மோசடியில் சமரசம் செய்ய நீதிமன்ற அனுமதி வேண்டும். அதைச் செய்யும் உரிமை அந்தப் பணத்துக்கு உரியவருக்கே உண்டு. சங்கப் பணம் சங்கத்துக்கு உரியது என்பதால், நிர்வாகக் குழுவில் இருவர் கூடிக் கையெழுத்துப் போட்ட காகிதத்தை நம்பாமல், பொதுக்குழுவைக் கூட்டி முறையாகத் தீர்மானம் நிறைவேற்றுமாறு வலியுறுத்துங்கள்.