ஸ்டோரேஜ் லாக் எடுப்பதில் நான் செய்த தவறுகள், இன்றும் பிறர் செய்யும் தவறுகள்

சென்ற மாதம் எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த இருவர், பழைய விஎன்எக்ஸ் ஸ்டோரேஜ் ஒன்றிலிருந்து கட்டளை வரி வழியாக லாக் (கருவி தன்னில் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவு) எடுத்துக்கொண்டிருந்தபோது அருகில் அமர்ந்திருந்தேன். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் செய்த தவறுகளை, ஏறக்குறைய அதே வரிசையில் அவர்களும் செய்தார்கள். ஐபி முகவரியைத் தவறாக அடிப்பது, கடவுச்சொல்லில் பெரிய எழுத்தை மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றைத் திரையே உடனுக்குடன் சுட்டிக்காட்டிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் காட்டாமல், எல்லாம் சரியாக நடந்தது போன்ற தோற்றத்தைத் தருகிற தவறுகளைப் பற்றியே எழுத வேண்டியிருக்கிறது.

விஎன்எக்ஸ் என்பது 2011-இல் ஈஎம்சி நிறுவனம் கொண்டுவந்த ஸ்டோரேஜ் வரிசை. கிளேரியான் வழியில் வந்தது. இதன் பிளாக் பகுதியை (சர்வர்களுக்கு வட்டு இடமாகத் தரும் பகுதியை) எஸ்பி ஏ, எஸ்பி பி என்னும் இரண்டு ஸ்டோரேஜ் பிராசசர்கள் இயக்குகின்றன. நம் கணினியில் நேவிசெக்சிஎல்ஐ என்னும் கருவியை நிறுவி, ஓர் எஸ்பியின் முகவரியைக் கொடுத்து எஸ்பிகலெக்ட் கட்டளையை ஏவினால், அந்த எஸ்பி தன்னிடமுள்ள நிகழ்வுப் பதிவையும் அமைப்பு விவரங்களையும் பிற லாக்குகளையும் ஒரே ஜிப் கோப்பாகக் கட்டிவைக்கும். அதன்பின் மேனேஜ்ஃபைல்ஸ் கட்டளையால் பட்டியலைப் பார்த்து, கோப்பை நம் பக்கம் இறக்கிக்கொள்ள வேண்டும்.

ஓர் எஸ்பியோடு நிறுத்திக்கொள்வது

இந்தத் தவறுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. "அந்த எஸ்பி" என்று மேலே எழுதியதை மறுபடி படியுங்கள். ஏ-யின் முகவரிக்குக் கொடுத்த கட்டளை ஏ-யின் லாக்கைத்தான் முழுமையாகத் தரும். பி-யின் கதையை பி-யிடம்தான் கேட்க வேண்டும்.

ஒரு வாடிக்கையாளரின் டேட்டா சென்டரில், நள்ளிரவுக்குப் பின் எஸ்பி பி-யின் பொறுப்பில் இருந்த லன்கள் (சர்வர்களுக்குப் பிரித்துக் கொடுத்த வட்டுப் பகுதிகள்) பல ஏ-க்கு டிரெஸ்பாஸ் ஆகிவிட்டன, அதாவது ஏ-யின் பொறுப்புக்கு மாறிவிட்டன. சர்வர்கள் சில நொடிகள் திணறி, பிறகு தாமாகவே ஓடத் தொடங்கின. என் குறிப்பேட்டில் இருந்தது ஏ-யின் முகவரி மட்டுமே. அதில் எஸ்பிகலெக்ட் ஓட்டி, ஜிப்பை இறக்கி, சேவைப் பொறியாளருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாக உறங்கப் போனேன். ஏ-யின் லாக்கில் இருந்ததெல்லாம், லன்கள் தன்னிடம் வந்து சேர்ந்தன என்ற செய்தி மட்டுமே. அவை ஏன் பி-யை விட்டு வந்தன என்பதற்கு அங்கே ஒரு வரிகூட இல்லை, இருக்கவும் முடியாது.

பி-யின் லாக் எங்கே என்று சில நாட்கள் கழித்துத்தான் கேள்வி வந்தது. அதற்குள் அந்த இரவுக்கான வரிகளைப் புதிய வரிகள் மேலெழுதிவிட்டன, ஏனெனில் நிகழ்வுப் பதிவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் அளவானது. சான்று இல்லாத நிலையில் சர்வர்களை ஸ்டோரேஜோடு இணைக்கும் எச்பிஏ கார்டுகள் மீது சந்தேகம் விழுந்தது. இரண்டு சர்வர்களை வார இறுதியில் நிறுத்தி, கார்டுகளை மாற்றினோம். மூன்று வாரம் கழித்து அதே நிகழ்வு மறுபடியும் நடந்தது. இந்த முறை இரண்டு எஸ்பிகளிலும் உடனே லாக் எடுத்தேன். பி-யின் பதிவில், அதன் முன்பக்க ஃபைபர் போர்ட்டுகளில் இணைப்பு விழுவதும் எழுவதுமாக வரிவரியாக இருந்தது. ரேக்கின் பின்கதவை அடைக்கும்போதெல்லாம் ஃபைபர் கேபிள் கட்டு ஒன்று அழுந்தி மடங்கிக்கொண்டிருந்தது. பாதை அறுந்ததும், சர்வரிலிருந்த, பல பாதைகளைக் கையாளும் மல்டிபாத் மென்பொருள் லன்களை ஏ-க்குத் தள்ளியது. கார்டுகளுக்குச் செலவான பணத்தைப் பற்றி வாடிக்கையாளர் என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

இறங்கிய கோப்பின் பெயரைப் பார்த்தாலே இந்தத் தவறு தெரிந்துவிடும். முதலில் பெட்டியின் சீரியல் எண், அடுத்து எஸ்பிஏ அல்லது எஸ்பிபி, பிறகு தேதி, நேரம் என்று அது தொடரும். சென்ற மாதம் அந்த இருவரில் ஒருவர் இரண்டு கோப்புகள் அனுப்பியிருந்தார். இரண்டிலும் எஸ்பிஏ என்றே இருந்தது. ஒரே முகவரியில் இருமுறை ஓட்டியிருக்கிறார்.

ஜிப் தயாராகும் முன்பே அள்ளுவது

எஸ்பிகலெக்ட் கட்டளையை அடித்தவுடன் திரை நம்மிடம் திரும்பிவிடும்; வேலை உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் பட்டியலைப் பார்த்தால் ரன்லாக் என்று முடியும் ஒரு சிறிய கோப்பு தென்படும். அது இருக்கும்வரை திரட்டல் முடியவில்லை என்று பொருள். டேட்டா ஜிப் என்று முடியும் கோப்பு வந்த பிறகே இறக்க வேண்டும். கால் மணி நேரம் பொறுக்க வேண்டியிருக்கலாம். பொறுமையற்றவர்கள் பட்டியலில் ஏற்கெனவே கிடக்கும், பல மாதங்களுக்கு முந்தைய ஜிப் ஒன்றை எடுத்து அனுப்பிவிடுகிறார்கள். அதுவும் ஒழுங்காகத் திறக்கும், உள்ளே லாக்கும் இருக்கும். இன்றைய பழுது மட்டும் இருக்காது.

கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதுவது

யூசர், பாஸ்வேர்ட், ஸ்கோப் என்று எல்லாவற்றையும் ஒரே வரியில் அடித்தால், ஷெல்லின் ஹிஸ்டரியில் (அடித்த கட்டளைகளின் பட்டியலில்) அது அப்படியே தங்கும். நேவிசெக்சிஎல்ஐயில் ஆட்யூசர்செக்யூரிட்டி என்ற வசதி இருக்கிறது. ஒருமுறை அதைக் கொண்டு பாதுகாப்புக் கோப்பை உருவாக்கிக்கொண்டால், அந்தப் பயனர் கணக்கிலிருந்து பிறகு ஓட்டும் கட்டளைகளில் கடவுச்சொல் தேவைப்படாது.

எஸ்பியை ரீபூட் செய்துவிட்டு லாக் எடுப்பது

முதலில் லாக், பிறகு ரீபூட்.

ஃபைல் பக்கப் பழுதுக்கு எஸ்பி லாக்கை மட்டும் அனுப்புவது

பிளாக், ஃபைல் இரண்டையும் தரும் ஒருங்கிணைந்த விஎன்எக்ஸில், என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ் பங்குகளை (வலைப்பின்னல் வழியாகப் பகிரும் கோப்புறைகளை) தருவது டேட்டா மூவர்கள். அவற்றின் லாக்கை, அவற்றை நிர்வகிக்கும் கண்ட்ரோல் ஸ்டேஷனில் நுழைந்து, கலெக்ட் சப்போர்ட் மெட்டீரியல்ஸ் என்னும் ஸ்கிரிப்டை ஓட்டித் தனியாக எடுக்க வேண்டும்.

பிழை வரிகளை மட்டும் வெட்டி அனுப்புவது

அனுப்பாதீர்கள். முழு ஜிப்பையும் அனுப்புங்கள்.

கடிகாரத்தைப் பார்க்காமல் விடுவது

ஸ்டோரேஜின் நேரமும் சர்வரின் நேரமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஃபைபர் கேபிள் விவகாரத்தில் எஸ்பி பி-யின் கடிகாரம் சர்வரைவிட ஏழு நிமிடம் முந்தியிருந்தது. அதைக் கவனிக்காமல் இரண்டு லாக்குகளையும் அருகருகே வைத்துப் பார்த்ததில், சர்வரில் பாதை அறுந்த பிறகுதான் போர்ட் விழுந்தது போலத் தோன்றி, காரணமும் விளைவும் தலைகீழாகி, எச்பிஏ கார்டுகளையே மறுபடியும் குறைசொல்ல இருந்தோம். இப்போதெல்லாம் லாக் எடுக்கும் அந்த நிமிடத்தில் ஏ, பி, சர்வர் ஆகிய மூன்றின் நேரத்தையும் குறித்து, அதையே மின்னஞ்சலின் முதல் வரியாக எழுதி அனுப்புகிறேன்.