விசா, கிரீன் கார்டு, குடியுரிமை: எது எது என்று பிரித்துப் பார்ப்பது எப்படி?

எங்கள் குடும்பத்தில் அமெரிக்கா சம்பந்தப்பட்ட காகிதம் எது வந்தாலும் கடைசியில் என் தலையில்தான் விழும். மகளின் பிரசவத்துக்காக டல்லாஸ் கிளம்பிய பெரியம்மாவின் பாஸ்போர்ட்டில் 10 வருட விசா இருந்தது. "பத்து வருஷத்துக்குக் கவலையே இல்ல" என்று சொல்லிக்கொண்டு, குழந்தைக்குச் சோறூட்டிவிட்டே வரலாம் என எட்டாவது மாதத்துக்குத் திரும்பும் டிக்கெட்டும் போட்டுவிட்டார். அங்கேதான் வினையே. அந்தப் 10 வருடத்துக்கும் அவர் அங்கே தங்கக்கூடிய நாட்களுக்கும் சம்பந்தமே கிடையாது.

இந்தக் குழப்பம் நிறைய பேருக்கு இருக்கிறது, அதனால் அவர் குடும்பத்தையே வைத்துப் படிப்படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: விசா தேதியையும் தங்கும் தேதியையும் தனித்தனியாகப் பாருங்கள்

விசா என்பது வாசல் வரை போய்க் கதவைத் தட்டுவதற்கான அனுமதி, அவ்வளவுதான். உள்ளே விடுவதா, எத்தனை நாள் விடுவது என்பதை விமான நிலையத்தில் உட்கார்ந்திருக்கும் குடிவரவு அதிகாரிதான் முடிவு செய்வார். அந்தத் தேதி இருக்கும் பதிவுக்குப் பெயர் ஐ-94. முன்பெல்லாம் ஒரு சின்ன வெள்ளை அட்டையைப் பாஸ்போர்ட்டில் பின் பண்ணிக் கொடுப்பார்கள். விமானத்தில் வருபவர்களுக்கு 2013லிருந்து அது இணையத்துக்குப் போய்விட்டது. அமெரிக்க எல்லைப் பாதுகாப்புத் துறையின் தளத்தில் பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண் கொடுத்தால் வந்துவிடும். சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு வழக்கமாக 6 மாதம் கொடுப்பார்கள். பெரியம்மாவுக்கும் அதேதான். டிக்கெட்டை முன்னால் மாற்றியதற்கு அபராதம் கட்டினோம், ஆனால் தப்பித்தோம்.

மாற்றாமல் இருந்திருந்தால்? ஐ-94 தேதி தாண்டிய மறுநாளே அந்த 10 வருட விசா செல்லாது. 180 நாளுக்கு மேல் தாண்டி இருந்துவிட்டுத் திரும்பினால் 3 வருடம், ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம் மறுபடி உள்ளே போக முடியாது. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திக் கொடுத்திருந்தால் லக்கேஜ் எடுக்கும்முன் அதில் எழுதியிருக்கும் தேதியைப் பாருங்கள், வீடு போய்ச் சேர்ந்ததும் ஐ-94ஐ இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தற்காலிகமா, நிரந்தரமா என்று கேளுங்கள்

பெரியம்மா மகளும் மாப்பிள்ளையும் ஹெச்1பி என்கிற வேலை விசாவில் இருக்கிறார்கள். 3 வருடம், பிறகு இன்னொரு 3 வருடம் என மொத்தம் 6 வருடம். கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் அதற்கு மேலும் நீட்டிக்கலாம். எத்தனை வருடம் இருந்தாலும் இது தற்காலிகக் கணக்குதான். படிக்கப் போகிறவர்களின் எஃப்1 விசாவும் அப்படியே.

கிரீன் கார்டு வந்தால்தான் நிரந்தர வசிப்புரிமை. அநேகமாக எந்த வேலையும் பார்க்கலாம், எங்கும் குடியிருக்கலாம். ஆனால் அதை வாங்கிய நம் ஊர்க்காரர் இன்னமும் இந்தியக் குடிமகன்தான், இந்தியப் பாஸ்போர்ட்தான், அங்கே தேர்தலில் ஓட்டுப் போட முடியாது. அட்டை கையில் இருக்கிறதே என்று இரண்டு மூன்று வருடம் ஊரில் வந்து உட்கார்ந்துவிட்டால் அந்த உரிமையே கேள்விக்குள்ளாகும்.

கிரீன் கார்டுக்கு இந்தியர்கள் நிற்கும் வரிசை ஏன் இவ்வளவு நீளம் என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வேலை வழியாக வருடத்துக்குச் சுமார் 1,40,000 கிரீன் கார்டுகள், அதில் ஒரு நாட்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு: இங்கே பார்ப்பது குடியுரிமையை அல்ல, பிறந்த நாட்டை. திருச்சியில் பிறந்து கனடா குடிமகனாகிவிட்டவரும் இந்திய வரிசையில்தான் நிற்க வேண்டும். கோலாலம்பூரில் பிறந்து இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் மலேசிய வரிசையில் போய்விடலாம். பிறந்த ஊரும் குடியுரிமையும் வேறு வேறு என்பது எனக்கே இதைப் படித்தபோதுதான் உறைத்தது.

மூன்றாம் படி: குழந்தை எந்த நாட்டுப் பிள்ளை?

உலகத்தில் இதற்கு இரண்டு கணக்கு உண்டு. மண்ணில் பிறந்தால் போதும் என்பது ஒன்று, பெற்றோர் யார் என்று பார்ப்பது இன்னொன்று. அமெரிக்கா முதல் வகை, 1868இல் வந்த 14வது சட்டத் திருத்தம் அதற்கு அடிப்படை. (தற்காலிக விசாவில் இருப்பவர்களின் பிள்ளைகளுக்கு இது கிடையாது என்று 2025 ஜனவரியில் டிரம்ப் ஆணை போட்டு, அது நீதிமன்றத்துக்குப் போனது. உங்கள் வீட்டில் பிரசவம் என்றால் அன்றைய நிலவரத்தை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், வாட்ஸ்அப் குழுவிடம் அல்ல.)

இந்தியா மண்ணிலிருந்து மெல்ல ரத்தத்துக்கு நகர்ந்த நாடு. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் அநேகமாக யாராக இருந்தாலும் குடிமகன். அதிலிருந்து 2004 டிசம்பர் 3க்கு முன்புவரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு இருவருமே இந்தியர், அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் சட்டவிரோதமாகக் குடியேறியவராக இருக்கக்கூடாது.

வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு வேறு விதி. ஒரு வருடத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும், பிள்ளைக்கு வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதிக் கொடுக்க வேண்டும். பெரியம்மா பேத்திக்கு ஏற்கெனவே அமெரிக்கப் பாஸ்போர்ட் எடுத்தாகிவிட்டது, ஆகவே இந்த வழி அடைபட்டது. அம்மா அப்பா இந்தியர், பிள்ளை அமெரிக்கர். ஒரே வீட்டுக்குள் இரண்டு நாடு.

நான்காம் படி: இந்தியப் பாஸ்போர்ட்டை எப்போது விட வேண்டும்?

கிரீன் கார்டு கிடைத்து 5 வருடம் கழித்து (அமெரிக்கக் குடிமகனைக் கட்டியிருந்தால் 3) குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். சத்தியப்பிரமாணம் எடுத்த அந்த நிமிடமே, 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 9வது பிரிவுப்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். இரட்டைக் குடியுரிமையை அமெரிக்கா கண்டுகொள்ளாது, இந்தியா ஒத்துக்கொள்ளாது. பழைய பாஸ்போர்ட்டில் இன்னும் 4 வருடம் இருக்கிறதே என்று அதில் பயணம் செய்வது குற்றம். ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள், வெளிநாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா கொடுக்கும் ஓசிஐ (Overseas Citizen of India) அட்டைக்கு அதைக் கேட்பார்கள்.

ஓசிஐ என்பதன் விரிவில் 'குடிமகன்' (Citizen) என்ற சொல் இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள், என்னைக் கேட்டால் அது நீண்டகால விசாதான். வந்து போகலாம், இருக்கலாம், பெரும்பாலான வேலை பார்க்கலாம். ஓட்டு கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அப்பா வழியில் வருகிற வயலை வைத்துக்கொள்ளலாம். என்ஆர்ஐ என்பது இதிலிருந்து முற்றிலும் வேறு, அவர் வெளிநாட்டில் இருக்கும் இந்தியக் குடிமகன்.

பேத்திக்கு ஓசிஐ விண்ணப்பம் போட்டபோது கையெழுத்துக் கட்டத்தில் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டியிருந்தது. விழித்திருக்கும்போது மை தடவிய விரல் நேராக வாய்க்குத்தான் போகும், அதனால் தூங்கவைத்த பிறகு, மூடிய கையை மெதுவாகப் பிரித்து, கட்டத்தின் கோட்டைத் தொடாமல் வையுங்கள். நாங்கள் மூன்று படிவம் வீணாக்கினோம்.