தமிழ் தலைப்புக்கு டிராக்கிங் ஏத்துறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

போஸ்டரோ பத்திரிகையோ, தலைப்பு அகலத்துக்கு நிறையலைன்னா உடனே டிராக்கிங்கை, அதாவது எழுத்துக்கு எழுத்து விடுற இடைவெளியை, 100, 150னு ஏத்திவிடுற பழக்கம் நெறைய பேர்கிட்ட இருக்கு, இங்கிலீஷ் கேப்பிடல் லெட்டர்ஸ்க்கு அது நல்லாவே இருக்கும், ஏன்னா அங்க ஒவ்வொரு எழுத்தும் ஒரே துண்டு. தமிழ்ல அப்படி இல்லைங்க. "வரவேற்கிறோம்" எடுத்துக்கோங்க, அதுல றோ ஒரு எழுத்துதான், ஆனா முன்னாடி இரட்டைக்கொம்பு, நடுவுல ற, பின்னாடி கால்னு மூணு துண்டா நிக்குது. துண்டுக்குத் துண்டு கேப் விழுந்துச்சுன்னா கொம்பு முந்தின எழுத்துப் பக்கம் ஒதுங்கிடும், கால் தனியா நின்னு ர மாதிரி தெரியும், "கால்" வந்து "கரல்" ஆயிடும், கௌ வந்து கெ, ளன்னு ரெண்டா பிரிஞ்சுடும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி ணா, றா, னா மூணுலயும் கால் எழுத்தோடவே ஒட்டி ஒரே வடிவமா இருந்துச்சு, இப்ப அதுவும் இல்ல.

முதல்ல ஃபான்ட் பாருங்க. பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல கொம்பு, கால் எல்லாமே தனித்தனி கீ, செமிகோலன்தான் புள்ளியே, அதனால டிராக்கிங் ஏத்துனா புள்ளிகூட நகந்துடும். யூனிகோட் ஃபான்ட்டுக்கு மாறுங்க. பக்கம் வடிவமைக்கிற இன்டிசைன் சாஃப்ட்வேர்ல வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர்ங்கிற செட்டிங்கைப் போடுங்க, அது இல்லாம கொம்பு இடம் மாறி நிக்கும். அப்புறமும் டிராக்கிங் 0லயே இருக்கட்டும். இடம் நிறையணும்னா பாயின்ட் சைஸ் ஏத்துங்க, இல்ல வார்த்தைக்கு நடுவுல கொஞ்சம் கூட்டுங்க. இடம் பத்தலையா, எழுத்தை நெருக்காதீங்க, ரெண்டு வரியா உடைங்க, நெருக்குனா காலும் அடுத்த எழுத்தும் இடிச்சுக்கும்.

பத்திகளுக்கு ரெண்டு ஓரமும் நேரா வர்ற மாதிரி ஜஸ்டிஃபை போடுறவங்க இதைக் கண்டிப்பா பாக்கணும், நம்ம வார்த்தைங்க நீளம், பத்தியோட அகலம் கம்மின்னா வரிக்கு மூணு நாலுதான் வரும், சாஃப்ட்வேர் மிச்ச இடத்தை எழுத்துக்கு நடுவுல திணிச்சா படிக்கவே முடியாது. ஜஸ்டிஃபிகேஷன் செட்டிங்ல லெட்டர் ஸ்பேசிங் மூணு கட்டத்துலயும் 0 இருக்கான்னு பாருங்க. அப்பவும் வார்த்தைக்கு நடுவுல ஓட்டை ஓட்டையா தெரிஞ்சா இடது பக்கம் மட்டும் ஒழுங்கு பண்ணிட்டு விட்டுடுங்க, எனக்கு அதுதான் எப்பவும் பிடிச்சது.

முடிச்சதும் ஒரு பிரின்ட் எடுத்து, டிசைன் பாக்காத ஒருத்தர்கிட்ட கொடுத்து சத்தமா படிக்கச் சொல்லுங்க, எங்க தடுமாறுறாங்களோ அங்க கொம்பும் காலும் எங்க நிக்குதுன்னு பாருங்க.