புதைபடிவச் சிப்பியில் துளை: போட்டது நத்தைதானா?

அமெரிக்காவில் மேரிலாந்தின் கால்வர்ட் கிளிஃப்ஸ் கடற்கரையில் மயோசீன் காலச் (சுமார் 2.3 கோடி முதல் 50 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய) சிப்பிகளை அலை கொண்டுவந்து போடும். சிலவற்றில் அச்சு வட்டமாக ஒரு துளை இருக்கும். சிப்பியைத் தின்ன வேட்டை நத்தை போட்டதா, வேறு காரணமா என்று கண்டுபிடிப்பது இப்படி. பொறுக்கப் போனால் திறந்த கரையோடு நில்லுங்கள். கரையை ஒட்டிய செங்குத்து மண்சுவர் சரியும், அதன் அடிவாரத்தில் தோண்டத் தடை உண்டு.

1. கழுவத் தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். வினிகர் கூடவே கூடாது, ஓடே கரையும்.

2. துளையின் சுவரைப் பாருங்கள். தீர்ப்பு இங்கேதான். 10 மடங்கு கைலென்ஸ் வாங்குங்கள். மலிவான யூஎஸ்பி மைக்ரோஸ்கோப் எனக்குப் பிடிப்பதில்லை, அதன் விளக்கு நேர் மேலிருந்து அடிப்பதால் பள்ளம் தட்டையாகத் தெரிகிறது. அறை விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் தாழப் பிடியுங்கள். வெளிவாய் அகன்று உள்வாய் குறுகி, ஸ்குரூ தலை உட்காரத் தச்சர் குடைந்த பள்ளம் போல் இருந்தால் நாட்டிசிட் நத்தையைச் சந்தேகிக்கலாம். மண்ணுக்குள் இரையைப் பிடித்து, தன் சுரப்பால் அதன் ஓட்டை இளக்கி, நாக்கில் உள்ள பற்களால் சுரண்டும் இனம் அது. சுவர் ஏறக்குறைய நேராக இறங்கினால் துளைபோடும் இன்னொரு நத்தைக் குடும்பமான மியூரிசிட் பக்கம் போகலாம். மேரிலாந்தின் மாநிலப் புதைபடிவமான எக்ஃபோரா நத்தை அந்தக் குடும்பம்தான்.

ஆனாலும் புதைபடிவத் துளைக்கு ஆய்வாளர்கள் தரும் அறிவியல் பெயர் துளையின் வடிவத்துக்குத்தான், நத்தைக்கு அல்ல. 1981இல் புதைபடிவ ஆய்வாளர் பிரோம்லி வைத்த பெயர்களின்படி, சரிந்த சுவர் என்றால் ஓய்க்னஸ் பாராபோலாய்டிஸ், நேர்ச்சுவர் என்றால் ஓய்க்னஸ் சிம்ப்ளெக்ஸ்.

பாதியில் நின்ற துளைகளையும் விடாதீர்கள். பள்ளத்தின் நடுவே சின்ன மேடு தெரிந்தால் அது நாட்டிசிட் விட்டுப்போன வேலை.

3. எண்ணுங்கள். ஒரு சிப்பிக்கு இரண்டு ஓடு, பெரும்பாலும் ஒன்றில்தான் துளை விழும். 100 தனி ஓடுகளில் 20இல் துளை என்றால் தாக்குதல் 20 சதவீதம் அல்ல, 40. ஓடுகளின் எண்ணிக்கையைப் பாதியாக்கிய பிறகே வகுக்க வேண்டும். சங்குகளுக்கு இந்தக் கணக்கு வேண்டாம்.

பின்சேர்க்கை: மூக்குப் பகுதியில் (ஓடுகள் இணையும் கீலுக்கு அருகே புடைத்த முனையில்) துளை உள்ள சிப்பிப் படங்கள் நிறைய வந்தன. சுற்றிலும் வழவழவென்று தேய்ந்து, விளிம்பு பிளேடு போல் மெலிந்திருந்தால் அது மணல் தேய்த்தது. அப்புறம், ஒரே ஓட்டில் பொடிப்பொடியாகப் பல துளைகள், உள்ளே ஒன்றோடொன்று இணைந்த சுரங்கங்கள் என்றால் கடற்பஞ்சின் வேலை. இரண்டையும் கணக்கில் சேர்க்காதீர்கள்.